சக்கரத்தின் கணக்கில்

அறுபது வரை ஒன்றுமில்லை.
அறுபத்திரண்டில் தொடங்கும்.
முதலில் காபியின் மேல்தோல் சுருங்கும்,
பிறகு பக்கக் கண்ணாடியில் வானம் இரண்டாகும்,
பிறகு ஸ்டீயரிங்,
பிறகு முழங்கை வரை என் இரண்டு கைகளும்.
அறுபத்தெட்டில் அடங்கிவிடும்.
பாரம் ஏற்றியவள் நாளெல்லாம் ஓட்டுவதோ
அந்த ஆறு மைலுக்குள்தான்.

ட்வின் ஃபால்ஸில் ஒருவன்
விளிம்பில் ஈயக்கட்டி அடித்துக் கொடுத்தான்.
ஆக்டனில் ஒருவன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு
எதிர்ப்பக்கம் இரண்டு அடித்தான்.
கிரீன் ரிவரில் ரசீது எழுதியவன் தலை நிமிராமலே
"பெரிய வண்டி, கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அம்மா" என்றான்.
பத்தொன்பது வருஷமாகப் பெரிய வண்டி.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று
சொல்லாமல் சொன்ன சிரிப்பு அது.

ராலின்ஸில், காற்று
பெயர்ப்பலகையைப் பாதி தின்றிருந்த பட்டறை.
யூசேபியோ ஆர்ச்சுலெட்டா
ஒரே கேள்விதான் கேட்டார்:
"எந்த வேகத்தில்?"
சொன்னேன். தலையாட்டினார்,
ஊரைக் கேட்டதும் உறவுமுறை பிடிபட்டவர் போல.

ஜாக்கி ஏறியது.
முன் இடது சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு
சாக்குக்கட்டி ஒன்றை அசையாமல் அருகே நீட்டினார்.
ரப்பர் அதைத் தொட்டுத் தொட்டு ஒரே அளவில் ஓடியது.
"வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறது."
கழற்றி, நிமிர்த்தி,
குடித்துவிட்ட மைத்துனனை வீட்டுக்குக் கூட்டிப்போவதுபோல்
தோள் கொடுத்து உருட்டிப் போனார்.

இயந்திரம் முதல் சுற்றில் சொன்னது: ஒன்பது அவுன்ஸ்.
நிறுத்தி மறுபடி சுற்றினால்
பதினான்கு, அதுவும் வேறிடத்தில்.
மூன்றாம் முறை நான்கு.
கட்டி எடுக்கப் போன கை டப்பாவுக்குள்ளேயே நின்றது.
டயரில் காதை வைத்து மெல்ல ஆட்டினார்.
"இங்கே வா."
நானும் வைத்தேன்.
குளிர்ந்த ரப்பருக்கு உள்ளே
யாரோ செருப்பில்லாமல் நடந்தார்கள்.

கடப்பாரை போட்டு நெம்பியபோது
துருவும் எண்ணெயும் கலந்த நாற்றத்தோடு
முக்கால் லிட்டர் தண்ணீர்.
பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பிடித்து
சாட்சிப்பொருள்போல என்னிடம் காட்டினார்.
ஈரம் வடிக்காத கம்ப்ரசரில் எவனோ காற்றடித்திருக்கிறான்.
விடியற்காலை உறைந்து ஒரு பக்கம் கனக்கும்,
மதியம் உருகி ஊர் சுற்றும்.
"மூன்று பேர் நிறுத்ததும் சரிதான்" என்றார்,
"அந்தந்த நிமிஷத்துக்கு."

துணியால் உள்ளே துடைத்தார், இரண்டு முறை.
ஹீட்டர் முன்னால் அரை மணி நேரம்.
திரும்ப மாட்டிச் சுற்றினால் ஒன்றரை அவுன்ஸ்,
எத்தனை முறை சுற்றினாலும் ஒன்றரை அவுன்ஸ்.
சுத்தியலில் இரண்டே தட்டு.
ஐம்பத்தைந்து டாலர்.
கையெழுத்துப் போட்டபோது
வெர்னா கோஸ்டெலெக்கி என்ற என் பெயர்
கோட்டைவிட்டுக் கீழே இறங்கியது.
பேனா சரியில்லை என்று நினைத்தேன்.

எல்க் மலை தெரியும் நேரம்.
அறுபது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.
காபி, ஊற்றி வைத்த தார்போல் கிடந்தது.
அறுபத்து நான்கு.
கண்ணாடியில் ஒரே வானம்.
நான் வாய்விட்டுச் சிரித்தேன், தனியாக, வண்டியில்.
ஸ்டீயரிங் அசையவில்லை.
அதன்மேல் இருந்த என் இடது கட்டைவிரல் அசைந்தது.

கையை எடுத்துத் தொடைமேல் வைத்தேன்.
அங்கேயும்.

மூன்று மாதமாக
சட்டையில் சிந்திய காபி,
பூட்டைச் சுற்றிச் சுற்றித் துழாவிய சாவி,
சூப்பை வேண்டாம் என்று ஒதுக்கிய இரவுகள்,
எல்லாவற்றையும்
சக்கரத்தின் கணக்கிலேயே எழுதி வந்திருக்கிறேன்.

கூடம் கோணலாகத்தான் இருந்தது.
அதை நிமிர்த்தியாயிற்று.

ஐம்பதுக்கு இறக்கினேன்.
நாற்பது.
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துக் கடந்தான்.
சாலையோரம் ஒதுக்கி, பிரேக்கை இழுத்து,
எஞ்சினையும் அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
பனிக்காற்று மட்டும் வண்டியைத் தள்ளிப் பார்த்தது.
பின்னால் நாற்பதாயிரம் பவுண்டு உருளைக்கிழங்கு,
ஒன்றுகூட உருளவில்லை.

எந்த வேகத்தில் என்று
அடுத்தும் ஒருவர் கேட்பார்.